பை காலி

கொட்டகைக்குப் பின்னால் இருந்த சந்தில் ஈரம் காய்ந்ததே இல்லை. ஒரு பக்கம் ரொட்டிக்கடை, மறுபக்கம் சலவைக்கடை. ஒன்று புகையை விடும், மற்றது ஆவியை விடும். வானத்தில் மேகமே இல்லாத நாளிலும் சந்துக்குள் போய் வந்தால் சட்டை நனைந்திருக்கும். ரொட்டிக்கடையின் மாடியில் இரண்டே அறை. அதில்தான் ஒரு சர்க்கஸ் குடும்பம் அந்த ஆட்டப் பருவம் முழுக்கக் குடியிருந்தது. புருஷன், பெண்டாட்டி, பெண்டாட்டியின் தங்கை. மூன்று பேருக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் இருக்கத்தான் செய்தது. கொட்டகையில் அதையெல்லாம் யார் கூப்பிடுகிறார்கள்? அவர் மூட்டை, அவள் ஊசி, தங்கை பஞ்சு.

சர்க்கஸ் குடும்பம் என்றதும் யானையையும் கூடாரத்தையும் தேட வேண்டாம். இது மேடையில் நடக்கிற சர்க்கஸ். மிருகம் கிடையாது, சாட்டை கிடையாது. திரை விலகினால் மேடையில் ஒரு வீடு இருக்கும். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு வீட்டில் என்ன நடக்குமோ அதுதான் கதை. அம்மா தட்டுக் கழுவுவாள். கழுவிய தட்டு ஒவ்வொன்றும் அவள் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் அலமாரிக்குப் போகும். அப்பா வேஷக்காரர் செருப்பைத் தேடுவார். தேடுகிற சாக்கில் நாற்காலி மேல் நாற்காலியாக அடுக்கி உச்சியில் தலைகீழாக நிற்பார், செருப்பு அவர் காலிலேயே இருக்கும். ஜனம் சிரிக்கும், சிரித்த வாயை மூடுவதற்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

பஞ்சுவின் காட்சி நடுவில் வரும். துணி காயப்போடுகிற காட்சி. மேடை முழுக்கக் கொடி கட்டி வெள்ளைப் படுக்கை விரிப்புகள். ஒரு பெண் கூடையோடு வருவாள், உதறுவாள், போடுவாள். கடைசி விரிப்பை உதறும்போது காற்று வந்து அவளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். குதிக்கிறாள் என்றோ இழுக்கிறார்கள் என்றோ தோன்றாது. போக வேண்டிய இடத்துக்குப் போகிறாள் என்றுதான் தோன்றும். உச்சியில் போய் நின்று, பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு, விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இருக்கிற வீட்டைப் பார்ப்பாள். அப்போது கொட்டகையில் ஓர் இருமல்கூடக் கேட்காது. ஊசி பக்கத் திரைக்குப் பின்னால் நின்று தினமும் பார்ப்பாள். இவளுக்குத்தானா நாம் சடை பின்னி விட்டோம் என்று நினைத்துக்கொள்வாள்.

பஞ்சு பேரில்தான் பஞ்சு. எலும்பு கனத்த, உயரமான பெண். அவளை மேலே அனுப்பியது காற்றும் இல்லை, எந்திரமும் இல்லை, மூட்டைதான். பக்கத் திரைக்குப் பின்னால் ஓர் ஏணி. கயிற்றின் ஒரு நுனி பஞ்சுவின் இடுப்புப் பட்டையில். அது கூரைக் கப்பியைச் சுற்றி வந்து மறு நுனி மூட்டையின் இடுப்புப் பட்டையில். அவர் ஏணியேறி உச்சிப் பலகையில் காத்திருப்பார். இசையில் அந்த இடம் வந்ததும் காலை எடுத்து வெறும் வெளியில் வைப்பார். அவர் இறங்க இறங்க அவள் ஏறுவாள். வேகத்தைப் பார்த்துக்கொள்ள நடுவில் பிரேக் பிடிக்க ஒரு பெரியவர், முடிச்சு என்று பேர். காட்சி முடிகிறபோது மூட்டை ஏணியில் திரும்ப ஏறுவார், அவள் பதமாக இறங்குவாள். பார்க்கிறவர்களுக்கு அப்படி ஒரு மனுஷன் இருப்பதே தெரியாது. அதில் அவருக்கு ஒரு கர்வம்.

கணக்கு ஒன்றுதான். பஞ்சு, அவள் பட்டை, அவள் விரிப்பு எல்லாம் சேர்ந்த கனத்தைவிட மூட்டை ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் அவள் தரையை விட்டு எழும்ப மாட்டாள். அதனால் தினமும் ஆட்டத்துக்கு முன்னால் தராசு பார்ப்பார்கள். கயிற்றின் இரண்டு நுனியிலும் இரண்டு பேரும் தொங்குவார்கள். மூட்டையின் கால் தரையைத் தொட்டு, பஞ்சுவின் கால் எழும்பினால் சரி.

தராசு முடிந்ததும் இன்னொரு சடங்கு. ஏணி ஏறுகிறவர்கள் யாராக இருந்தாலும் பையைத் துழாவி உள்ளதை எல்லாம் ஒரு தகரத் தட்டில் போட்டுவிட்டு, "பை காலி!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மேலிருந்து ஒரு சாவி விழுந்தாலும் கீழே இருக்கிறவன் மண்டை போய்விடும். இந்த விஷயத்தில் மூட்டை எமன். தன் கல்யாண மோதிரத்தைக்கூடக் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். ஒரு தடவை தட்டுச் சுற்றுகிற பெண்ணின் தலையில் கொண்டை ஊசியைப் பார்த்துவிட்டு அவளை அழவிட்டிருக்கிறார்.

வினை டாக்டர் ரூபத்தில் வந்தது. ஆட்டம் தொடங்கிய புதிதில் மூட்டைக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தது. போய்க் காட்டினால், சர்க்கரை தலைக்கு மேலே போயிருக்கிறது, உடம்பை இறக்காவிட்டால் முதலில் கால், அப்புறம் கண் என்று டாக்டர் எச்சரித்தார். கூடப் போயிருந்த ஊசி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். மூட்டை சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உடம்பை இறக்கணுமாம். நான் இறங்கினா உன் தங்கச்சி எப்படி ஏறுவா?"

"ஆட்டம் முடியட்டும்னு சொல்றீங்களா? அதுவரைக்கும் கால் காத்திருக்குமா?"

"ஏய், இந்தத் தொப்பையாலதான் இந்தக் கொட்டகையே நிக்குது. வேற பேச்சுப் பேசு."

வேறு பேச்சுப் பேசினாள்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரியே அவர் சூப்பில் வெண்ணெய் காணாமல் போனது. அடுத்த நாள் உருளைக்கிழங்கு இருந்த இடத்துக்கு முட்டைக்கோஸ் வந்தது. ரொட்டியை மெல்லிசாக வெட்டக் கற்றுக்கொண்டாள். புருஷன் உடம்பு இளைப்பதை அவருக்கே தெரியாமல் மறைப்பது என்பது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனால் ஊசி தையல்காரி. கொட்டகையின் உடுப்பு எல்லாம் அவள் கையில். கால்சட்டை தளரத் தளர, வாராவாரம் இடுப்பைப் பிடித்துத் தைத்து வைப்பாள். அவர் காலையில் மாட்டிப் பார்த்துவிட்டு, நேற்று இருந்த மாதிரியே இருக்கிறோம் என்று வயிற்றைத் தட்டிக்கொள்வார்.

தராசை ஏமாற்ற வேண்டுமே? அதற்கும் வழி இருந்தது. மேடைத் திரை காற்றில் ஆடாமல் நேராகத் தொங்குவதற்காக அதன் அடிமடிப்பில் ஈயத் துண்டுகளை வைத்துத் தைப்பார்கள். ஊசியின் டப்பா நிறைய அது இருந்தது. கயிறு உராயாமல் இருக்க மூட்டை போடுகிற தடித்த கறுப்பு அரைக்கோட்டின் அடிமடிப்பில், அவர் உடம்பில் குறைந்ததையெல்லாம் ஈயமாக வைத்துத் தைத்தாள். பார்வைக்கு அதே கோட்டு, தராசுக்கு அதே மூட்டை.

"பாத்தியா ஊசி," என்பார் சாப்பிடுகிறபோது. "டாக்டர் என்னமோ பயமுறுத்தினாரு. நான் என்ன குறைச்சா சாப்பிடறேன்? கால்சட்டை அப்படியே பிடிக்குது, தராசு அப்படியே நிக்குது. காலு புண்ணும் தானா ஆறிடுச்சு."

"ஆமாங்க. இன்னும் கொஞ்சம் சூப் ஊத்தட்டுமா?"

"ஊத்து. என்ன, தண்ணியா ஓடுது?"

"கிழங்கு கரைஞ்சு போச்சுங்க. எல்லாம் உள்ளதான் இருக்கு."

"கோட்டுதான் வரவரக் கனக்குது."

"இந்தச் சந்துல எதுங்க காயுது? ஈரம் வாங்கியிருக்கும்."

பஞ்சு எதிரில் உட்கார்ந்து தட்டைப் பார்த்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் கொஞ்ச நாளாகவே சரியில்லை. ஊசி அதைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருந்தாள்.

மறுநாள் மத்தியானம் உடுப்பு அறையில் ஊசி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சு வந்து மேஜை மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா அத்தான்கிட்ட சொல்ல மாட்டியே?"

"சொல்லு."

"மேல போய் நிக்கிறேன்ல? முன்னாடியெல்லாம் ஒரு தடவைதான் நிப்பேன். இப்ப ரெண்டு தடவை நிக்கிறேன்."

"புரியற மாதிரி சொல்லுடி."

"நின்னுட்டேன்னு கையை விடுவேன். விட்டப்புறம் ஒரு வெட்டு வெட்டும். நேத்து உடம்பே தூக்கிப் போட்டுடுச்சு. பட்டை இருக்கு, விழ மாட்டேன். ஆனா பயந்துட்டேன்கா. அந்த இடத்துல நான் பயந்ததே கிடையாது."

ஊசி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அத்தானுக்கு முட்டி போயிடுச்சுன்னு நினைக்கிறேன்," என்றாள் பஞ்சு. "தரையில கால் வைக்கிறப்ப மடங்குது போல. அவரு வாயைத் திறக்க மாட்டாரு. நாளைக்கு நானே இயக்குநரம்மாகிட்ட சொல்லிடலாம்னு பாக்கறேன், மோட்டார் வெச்சுக்கலாம்னு."

"மோட்டாரா? வேணாம்னு ஒத்தக்கால்ல நின்னவளே நீதானே?"

"இப்பவும் வேணாம்தான். மோட்டார் என்னைத் தூக்கும். அத்தான் என்னை வழியனுப்பி வைப்பாரு. அந்த வித்தியாசம் தொங்குறவளுக்குத்தான் தெரியும். அதுக்காக அவரு முட்டியைக் காவு குடுக்க முடியுமா? அவரு மனசு உடைஞ்சு போயிடும், தெரியும். நீதான் பாத்துக்கணும்."

அவள் போனதும் ஊசி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முட்டி நன்றாகத்தான் இருந்தது. மூட்டை தரையில் வந்து நின்ற பிறகும், கோட்டின் மடிப்பில் தொங்குகிற ஈயம் நிற்காமல் ஒரு குலுங்குக் குலுங்குகிறது. அதுதான் அந்த இரண்டாவது வெட்டு. புருஷன் காலைக் காப்பாற்றப் போய்த் தங்கையின் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று உறைத்தது. கொண்டை ஊசிக்குச் சண்டை போடுகிற மனுஷனை, தினமும் "பை காலி" என்று கத்த வைத்து, இடுப்பு நிறைய ஈயத்தோடு ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அன்றைக்கே வெண்ணெய்ப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவார். சொல்லாவிட்டால் நாளைக்கு மோட்டார் வரும். மடிப்பில் இருப்பதை எடுத்து, குலுங்காமல் இடுப்போடு ஒட்டி ஒரு பட்டி மாதிரி தைத்துவிட்டால் இரண்டும் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டாள். பிரித்தாள், அடுக்கினாள். பாதியில் முதல் மணி அடித்துவிட்டது. எத்தனையோ வருஷத் தொழிலில் முதல் தடவையாக, கெட்டித் தையல் போட நேரமில்லாமல் வெறும் ஓட்டுத் தையல் ஓட்டிக் கோட்டை அவர் தோளில் மாட்டிவிட்டாள்.

தராசு சரியாக நின்றது. மூட்டை மோதிரத்தைக் கழற்றித் தட்டில் போட்டார். "பை காலி!" என்று கத்தினார். ஊசி மாற்றுடுப்பை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

அன்றைக்குக் கொட்டகை நிறைந்திருந்தது. தட்டுகள் சுற்றின, நாற்காலிகள் ஏறின. துணி காயப்போடும் காட்சி வந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் அடுத்த காட்சிக்காக மேடையின் மறுபக்கம் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் இருந்தது மூன்றே பேர். ஏணி உச்சியில் மூட்டை, பிரேக்கில் முடிச்சு, கையில் மாற்றுடுப்போடு ஊசி. மேடையில் பஞ்சு கடைசி விரிப்பை எடுத்தாள். இசையில் அந்த இடம் வந்தது. மூட்டை காலை எடுத்து வெறும் வெளியில் வைத்தார்.

கயிறு சுண்டி இழுத்ததில் ஓட்டுத் தையல் பொலபொலவென்று விட்டது. ஈயம் மொத்தமும் ஏணியடியில் கொட்டியது. நல்லவேளையாக மேளச் சத்தம் அதை விழுங்கிவிட்டது, அங்கே யாரும் நிற்கவும் இல்லை. கொஞ்சம் இறங்கிய மூட்டை அந்தரத்தில் அப்படியே நின்றுவிட்டார். வெளியே பஞ்சு ஒரு சாண் எழும்பி, திரும்பக் கால்விரலில் வந்து நின்றாள்.

மூட்டை கீழே கிடந்ததைப் பார்த்தார். பிறகு ஊசியைப் பார்த்தார். தொளதொளவென்று தொங்குகிற கோட்டைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அடிப் பாவி," என்றார் மெதுவாக.

வெளியே பஞ்சு சமாளித்துக்கொண்டிருந்தாள். உதறிய விரிப்பை மோந்து பார்த்தாள், அழுக்கு போகவில்லை என்று முகம் சுளித்தாள், கூடையில் போட்டாள், திரும்ப எடுத்து உதறினாள். ஜனம் சிரித்தது. வாத்தியக்காரர்கள் கெட்டிக்காரர்கள், அந்த அடியையே திரும்ப வாசித்தார்கள். ஆனால் எத்தனை தடவைதான் ஒருத்தி ஒரே துணியை உதற முடியும்?

"ஊசி, நான் பிரேக்கை விட்டா யாரு மேல யாரு கீழேன்னு தெரியாது," என்றார் முடிச்சு பல்லைக் கடித்துக்கொண்டு. "ஏதாவது பண்ணு!"

ஊசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தில் கால் தரையில் இருக்கிற ஒரே ஆள் அவள். முக்காலி மேல் ஏறித் திரை மாட்டினாலே தலை சுற்றும். வீட்டில் பரண் மேல் இருக்கிற பெட்டியை எடுக்கவும் தங்கையைத்தான் கூப்பிடுவாள். அப்படிப்பட்டவள் மாற்றுடுப்பைக் கீழே போட்டுவிட்டு ஏணியில் கை வைத்தாள். வைத்தவள் நின்றாள். திரும்பி வந்து, மேலங்கிப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துத் தகரத் தட்டில் போட்டாள். அளவு நாடா, சாக்குக்கட்டி, குண்டூசி டப்பா. பையைப் புரட்டி ஒரு உதறு உதறினாள்.

"பை காலி," என்றாள். குரல் அழுகையும் வீம்புமாக வந்தது.

கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினாள். கை வியர்த்து வழுக்கியது. ஒவ்வொரு படியிலும் இதோடு போதும் என்று கால் சொன்னது. அவர் தொங்கிய உயரத்துக்கு வந்ததும் கண்ணைத் திறந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரத்தில் அவர் முகம்.

"என்னடி பண்றே நீ?"

"நீங்க இறங்கறதுக்குக் கனம் வேணும்ல? நான் வரேன்."

"உனக்குத் தலை சுத்துமே!"

"அதெல்லாம் கீழ போய்ச் சுத்திக்கிறேன். பிடிங்க."

மூட்டை ஏணிப் பக்கம் சாய்ந்தார். கையை நீட்டி அவளை இழுத்து அணைத்தார். தன் பட்டையில் உபரியாக இருந்த வாரை அவள் இடுப்பைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டினார். மாட்டியதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கோபத்திலும் அந்த மனுஷன் கொக்கியைச் சோதிக்க மறக்கவில்லை.

"நான் ரொம்பக் கனமா இருப்பேனாங்க?"

"இருந்தாத்தான் நல்லது. காலை விடு."

ஊசி காலை விட்டாள்.

வயிறு மேலேயே தங்கிவிட்டது, உடம்பு மட்டும் இறங்கியது. முடிச்சு பிரேக்கை இழுத்துப் பிடித்து வேகத்தைப் பதமாக்கினார். பாதி வழியில் பக்கத் திரையின் இடுக்கு வழியாக வெளிச்சம் வந்து கண்ணில் அடித்தது. அந்த வெளிச்சத்தில், அவளுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் பஞ்சு மேலே போய்க்கொண்டிருந்தாள். வெள்ளை விரிப்பு பின்னால் அலையடிக்க, முகம் நிமிர்ந்து, அவ்வளவு கனத்த பெண் அவ்வளவு லேசாக. இத்தனை நாள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது வேறு. இது வேறு. பஞ்சு தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். அவள் கண் விரிந்ததை ஊசி பார்த்தாள். அவ்வளவுதான். அவள் மேலே போனாள், இவர்கள் கீழே வந்தார்கள்.

மூட்டையின் முட்டி மடங்கி, மெத்தையில் இறங்குகிற மாதிரி கால் தரையைத் தொட்டது. எதுவும் குலுங்கவில்லை. உச்சியில் பஞ்சு நின்றாள், கையை விட்டாள். கொட்டகை மூச்சு விடவில்லை.

திரும்ப ஏற வேண்டிய நேரம் வந்ததும், இரண்டு பேரும் ஒரே கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஒரே ஏணியில், அவர் ஒரு படி அவள் ஒரு படியாக ஏறினார்கள். கண்ணை மூட ஊசி மறந்தே போனாள்.

ஆட்டம் முடிந்தபோது கைதட்டல் ஓய வெகுநேரமானது. உடுப்பு அறையில் மூட்டை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பொறுக்கி வந்த ஈயத்தைத் தகரத் தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஒவ்வொன்றும் டங் என்றது.

"யார் தலையிலாவது விழுந்திருந்தா?" என்றார்.

ஊசி அழுதாள். "தப்புதாங்க. எனக்கு உங்க காலும் வேணும், அவ பறக்கறதும் வேணும். ரெண்டையும் விட மனசு வரல."

"என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"

அவர் கடைசித் துண்டையும் தட்டில் போட்டார். பிறகு, "ஆமா, கால்சட்டை மட்டும் எப்படி அப்படியே பிடிக்குது?" என்றார். ஊசி வாயால் சொல்லாமல் அவர் இடுப்பு மடிப்பைப் புரட்டிக் காட்டினாள். பிடிப்புக்கு மேல் பிடிப்பாக, வாராவாரம் போட்ட தையல் வரிசையாக இருந்தது. மூட்டை அதைத் தடவிப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று அவள் பயந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தச் சூப்பு?"

"முட்டைக்கோஸ் தண்ணிங்க."

"கிழங்கு கரைஞ்சு போச்சுன்னு சொன்னியேடி!"

கதவு படாரென்று திறந்தது. பஞ்சு பட்டையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வழியில் முடிச்சிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தாள். திட்டத்தான் வந்தாள் போல, ஆனால் வாயில் வந்தது வேறு.

"அக்கா! இன்னைக்கு ஒரே ஒரு தடவைதான் நின்னேன்!"

அவள் பின்னாலேயே இயக்குநரம்மா வந்தார். தட்டில் இருந்த ஈயத்தைப் பார்த்தார், மூட்டையின் கால்சட்டையைப் பார்த்தார், ஊசி சொன்னதை நின்று கேட்டார். இனி ஒரு குண்டூசி மறைத்தாலும் யாராக இருந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றார். அப்புறம் வாசலில் திரும்பி நின்று, "நீங்க ரெண்டு பேரும் நாளைக்குச் சீக்கிரம் வாங்க. உங்களுக்கும் ஒரு பட்டை அளவெடுக்கணும்," என்று ஊசியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அந்த ஆட்டம் ஓடிய நாளெல்லாம் பஞ்சுவை மேலே அனுப்பியது இரண்டு பேர். மூட்டை நாளுக்கு நாள் இளைத்தார், யாரும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் புண் இருந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு என்ன வைத்தியம் செய்தீர்கள் என்று கேட்டார். தையல் வைத்தியம் என்றார் மூட்டை.

அப்படி ஜோடியாக ஏறத் தொடங்கிய இரண்டாம் நாள் தராசு பார்த்து முடிந்ததும் ஊசி மேலங்கிப் பையைத் தட்டில் கொட்டிவிட்டு, "பை காலி!" என்றாள். மூட்டை ஏணியை மறித்துக்கொண்டு நின்றார். அவள் கழுத்துப்பட்டையில் கை வைத்து, அங்கே குத்தியிருந்த ஓர் ஊசியை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்னுதுதாங்க."

அதைத் தட்டில் தன் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வழி விட்டு நின்றார்.

"இப்ப சொல்லு."